செயல் யாருடையது? பூச்சிகளின் நடத்தையை மாற்றும் பூஞ்சைகள்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை முடிந்து குளிர் தொடங்கும் நாட்களில் சன்னல் கண்ணாடியில் ஒட்டியபடி செத்துக் கிடக்கும் வீட்டு ஈக்களைப் பார்க்கலாம். அருகில் போய்ப் பார்த்தால் அவை சாதாரணமாகச் சாகவில்லை என்பது தெரியும். இரண்டு இறக்கைகளும் உடலை விட்டு விலகி மேலே தூக்கி நிற்கும். வயிறு உப்பி வெள்ளை வரிகள் ஓடியிருக்கும். நீட்டிய வாய்க்குழல் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். சடலத்தைச் சுற்றி மாவு தூவியதுபோல் ஒரு வெண்வளையம் படிந்திருக்கும். அந்த வளையம் முழுக்க ஒரு பூஞ்சையின் ஸ்போர்கள், அதாவது அது பரவுவதற்கான நுண்வித்துகள். 1855இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் இதை விவரித்து எழுதினார். இன்று அதன் பெயர் எண்டமோஃப்தோரா மஸ்கே.

இந்த ஈ எங்கோ விழுந்து சாகவில்லை. பூஞ்சை தொற்றிய சில நாட்களில், பொழுது சாயும் நேரத்தில், உயரமான ஓர் இடத்துக்கு ஏறி, வாயை ஒட்டிக்கொண்டு, இறக்கையை உயர்த்திச் செத்தது. அந்த இரவின் ஈரத்தில் பூஞ்சை அதன் வயிற்றைத் துளைத்து வெளியே வந்து ஸ்போர்களைச் சுடும். இறக்கை குறுக்கே இருந்தால் ஸ்போர்கள் அதிலேயே மோதி நின்றுவிடும். தாழ்வான இடமாக இருந்தால் அதிக தூரம் பரவாது. ஈக்கு இதில் எந்த ஆதாயமும் இல்லை, எல்லாம் பூஞ்சைக்கே. அப்படியானால் கடைசியாக ஏறியது ஈயா, பூஞ்சையா?

இந்தத் துறையின் ஆய்வுகள் அத்தனையும் சுற்றிச் சுற்றி வருவது இந்தக் கேள்வியைத்தான். பத்திரிகைகளும் திரைப்படங்களும் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டன: பூஞ்சை மூளையைக் கைப்பற்றிப் பூச்சியை ஆட்டிவைக்கிறது, பூச்சி நடைப்பிணமாகிறது. கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளின் ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த விடை சில இடங்களில் சரி, சில இடங்களில் தவறு, பல இடங்களில் அவசரம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நோயுற்ற உயிர் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்வதாலேயே அதை ஒட்டுண்ணியின் சூழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. மூன்று காரணங்கள் இருக்கலாம். அது வெறும் நோயின் பக்கவிளைவாக இருக்கலாம். காய்ச்சலில் நமக்குக் கால் தள்ளாடுவது எந்தக் கிருமிக்கும் பயன்படுவதில்லை. அது ஓம்புயிரின், அதாவது ஒட்டுண்ணி தொற்றிய உயிரின், தற்காப்பாக இருக்கலாம். அல்லது ஒட்டுண்ணியின் மரபணுக்கள் ஓம்புயிரின் உடல் வழியாகத் தம் வேலையைச் செய்துகொள்வதாக இருக்கலாம். இந்த மூன்றாவதைத்தான் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1982இல் தன் நூலொன்றில் வாதமாகவே வைத்தார்: ஒரு மரபணுவின் விளைவு அது குடியிருக்கும் உடலோடு முடிந்துவிட வேண்டியதில்லை, இன்னோர் உயிரின் நடத்தையிலும் அது வெளிப்படலாம்.

தற்காப்பு எவ்வளவு எளிதாகச் சூழ்ச்சியைப் போலத் தோன்றிவிடும் என்பதற்கு வெட்டுக்கிளி நல்ல சான்று. மெட்டாரைசியம் என்னும் பூஞ்சை தொற்றிய பாலைவன வெட்டுக்கிளி, வழக்கத்தைவிட அதிகமாக வெயிலில் போய்க் காய்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விசித்திர நடத்தை. ஆனால் அது தன் உடல் வெப்பத்தை 40 டிகிரி அளவுக்கு ஏற்றிக்கொள்கிறது. அந்த வெப்பத்தில் பூஞ்சை வளர முடியாமல் திணறும். வெட்டுக்கிளிக்குத் தானாகக் காய்ச்சல் வராது, வெயிலிடமிருந்துதான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். சாவு தள்ளிப்போகும், சில வெட்டுக்கிளிகள் அதற்குள் முட்டையும் இட்டுவிடும். முன்னே சொன்ன வீட்டு ஈகூட நோயின் தொடக்க நாட்களில் சூடான இடங்களைத் தேடிப் போவது பதிவாகியிருக்கிறது. ஒரே ஈ, ஒரே நோய்: முதல் பாதியில் நடப்பது ஈயின் போராட்டம், கடைசி சில மணி நேரத்தில் நடப்பது வேறொன்று.

எறும்புகளில் இது இன்னும் சிக்கலாகும். 2010இல் ஜெர்மனியில் ஹைன்ஸே, வால்டர் இருவரும் டெம்னோதோராக்ஸ் என்னும் சிறு எறும்புகளை ஆராய்ந்தார்கள். பூஞ்சை தொற்றிச் சாகப்போகும் எறும்புகள் கூட்டை விட்டு வெளியேறித் தனியே போய்ச் செத்தன. பூஞ்சை துரத்தியிருக்கும் என்று முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் கரியமில வாயுவால் ஆயுள் குறைக்கப்பட்ட எறும்புகளும், வேறு காரணங்களால் சாகவிருந்த எறும்புகளும்கூட அப்படியே வெளியேறின. ஆக, அது எறும்பின் செயல்தான். கூட்டிலிருக்கும் உடன்பிறப்புகளுக்கு நோய் பரவாமல் விலகிப்போகும் செயல். இந்த ஓர் ஆய்வைப் படித்த பிறகு, நோயுற்ற எறும்பு கூட்டை விட்டுப் போகிறது என்ற செய்தி மட்டும் எதையும் நிரூபிக்காது என்பது உறைக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, உலகப் புகழ்பெற்ற எறும்பிடம் வருவோம்.

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1859இல் இன்றைய இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், தலைப்பக்கத்திலிருந்து காம்பு முளைத்த எறும்புகளைச் சேகரித்தார். பிரான்ஸின் துலான் சகோதரர்கள் சில ஆண்டுகளில் அந்தப் பூஞ்சைக்குப் பெயர் சூட்டினார்கள். இன்று அது ஒஃபியோகார்டிசெப்ஸ் யூனிலேட்டராலிஸ் என்று அழைக்கப்படுகிறது. இந்தப் பேரினப் பெயருக்கு இலங்கையோடு ஒரு தொடர்பு உண்டு. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் நெடுங்காலம் பணியாற்றிய டாம் பெட்ச் என்னும் ஆங்கிலேயப் பூஞ்சையியலாளர், பூச்சிகளில் வளரும் பூஞ்சைகளைத் தேடித் தேடி எழுதியவர். தேயிலை நோய்கள் பற்றி அவர் எழுதியவற்றைத் தோட்டத்துரைமார் படித்தார்கள். பூச்சிப் பூஞ்சைக் குறிப்புகளை அன்று படித்தவர்கள் சிலரே. 1931இல் ஒஃபியோகார்டிசெப்ஸ் என்னும் பேரினத்தை நிறுவியவர் அவர்தான், அதற்கு அவர் முன்மாதிரியாக வைத்ததும் இலங்கையில் கரப்பான் பூச்சியில் கிடைத்த பூஞ்சை. அந்தப் பெயரைப் பின்வந்தோர் பெரும்பாலும் ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2007இல் மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் அது மீண்டும் புழக்கத்துக்கு வந்தது.

எறும்புக் கதையின் அடித்தளத்தைப் போட்டது தென் தாய்லாந்தின் காவோ சோங் காட்டில் நடந்த ஆய்வு. சாண்ட்ரா ஆண்டர்சன், டேவிட் ஹியூஸ் முதலானோர் 2009இல் அதை வெளியிட்டார்கள். அங்குள்ள கேம்போனோட்டஸ் லியோனார்டி, நம் கட்டெறும்பின் உறவு, மரங்களின் உச்சியில் வாழ்வது. தொற்றிய எறும்பு கீழே வருகிறது. தரையிலிருந்து ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் இலையின் அடிப்பக்கத்தைப் பற்றி, அதன் நரம்பைக் கடித்தபடி சாகிறது. கடித்த எறும்புகளில் 98 விழுக்காடு நரம்பைத்தான் கடித்திருந்தன. பெரும்பாலானவை செடியின் வடக்கு, வடமேற்குப் பக்கத்தில் இருந்தன. அந்த இடத்தில் காற்றின் ஈரப்பதம் 95 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள்.

இதெல்லாம் வெறும் கணக்கெடுப்பு. ஆய்வைப் பலப்படுத்தியது அடுத்து அவர்கள் செய்தது. செத்த எறும்புகளை இலையோடு எடுத்துச் சிலவற்றை மர உச்சியிலும் சிலவற்றைத் தரையிலும் வைத்தார்கள். இரண்டு இடத்திலும் பூஞ்சை ஒழுங்காக வளரவில்லை. 2014இல் பிரேசிலில் ராக்வெல் லொரேட்டோவின் குழு இன்னொரு கேள்விக்கு விடை கண்டது: எறும்பு கூட்டுக்குள்ளேயே செத்தால் என்ன? பூஞ்சையால் செத்த எறும்புகளைக் கூட்டுக்குள் வைத்தபோது பூஞ்சையால் தன் வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க முடியவில்லை. அதே நேரம், ஆய்வு செய்த கூடுகள் ஒவ்வொன்றின் வாசலுக்கு அருகிலும், இரை தேடிப்போகும் தடத்தை ஒட்டியும், கடித்துத் தொங்கும் சடலங்கள் இருந்தன. கூடு பூஞ்சைக்குப் பாழ்நிலம்; கூட்டின் வாசல் விளைநிலம். கூட்டை விட்டு வெளியேறுவதை மட்டும் பார்த்தால் எறும்பின் தியாகம் என்று வாதிடலாம். ஆனால் வெகுதொலைவு போகாமல் தன் இனம் நடமாடும் பாதைக்கு மேலேயே நின்று சாவதைத் தியாகக் கணக்கில் வைக்க இயலாது. அங்கிருந்து கீழே சிதறும் ஸ்போர்கள் விழுவது சொந்தச் சகோதரிகளின் தலையில்.

நேரமும் தற்செயல் அல்ல. 2011இல் வெளியான தொடர் ஆய்வில், தள்ளாடித் திரிந்த எறும்புகளின் கடைசிக் கடி நடுப்பகலை ஒட்டியே நிகழ்ந்தது. சாவு அதன்பின் சில மணி நேரம் கழித்து, மாலைக்குள் வந்தது. இரவு பூஞ்சை வளரத் தொடங்கும். காம்பு முளைத்து ஸ்போர் உதிர வாரக்கணக்காகும். அத்தனை நாளும் சடலம் விழாமல் தொங்க வேண்டும். நரம்பைக் கடிப்பதன் தேவை இங்கேதான் புரிகிறது.

இலை உதிரும் நாடுகளில் அதே பூஞ்சைக் கூட்டத்தின் உறவினர்கள் எறும்பை இலையைக் கடிக்க விடுவதில்லை. குச்சியைக் கடிக்க வைக்கின்றன. குளிர்காலத்தில் இலையோடு சடலமும் விழுந்துவிட்டால் எல்லாம் வீண். 2018இல் லொரேட்டோவும் மற்றவர்களும் மரபணு வரிசைகளைக் கொண்டு ஒரு வம்சாவளி வரைந்து, இலைக்கடியே பழையது, காலநிலை குளிர்ந்து இலையுதிர் காடுகள் பரவியபின் குச்சிக்கடி வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியது என்று காட்டினார்கள். பழையது என்றால் எவ்வளவு பழையது? ஜெர்மனியின் மெஸல் படிவப் பள்ளத்தில் கிடைத்த 4 கோடியே 80 லட்சம் ஆண்டு வயதுடைய ஓர் இலைப் புதைபடிவத்தில் நரம்புகளின் இருபுறமும் இணையிணையான கடித்தழும்புகள் இருக்கின்றன. இன்றைய எறும்பின் மரணக்கடி விட்டுப்போகும் தழும்போடு அவை ஒத்துப்போகின்றன. எறும்பும் இல்லை, பூஞ்சையும் இல்லை. கடி மட்டும் மிஞ்சியிருக்கிறது. நடத்தை கல்லில் பதிவது மிக அபூர்வம்.

ஆக, இந்த நடத்தையால் பூஞ்சைக்கு நன்மை உண்டு என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. எப்படிச் செய்கிறது என்பதில்தான் தொல்லை.

மூளையைக் கைப்பற்றுகிறது என்ற பேச்சு உச்சத்தில் இருந்தபோது, 2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாரிடெல் ஃப்ரெட்ரிக்சன், ஹியூஸ் குழு ஒரு காரியம் செய்தது. கடித்த நிலையிலிருந்த எறும்புகளை மின்னணு நுண்ணோக்கியில் மிக மெல்லிய சீவல்களாகச் சீவிப் படமெடுத்து, அவற்றைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து முப்பரிமாணத்தில் மீண்டும் கட்டினார்கள். தலை, மார்பு, வயிறு, கால் என்று எல்லா இடத்திலும் பூஞ்சை இருந்தது. தசைநார்களைச் சுற்றி அதன் செல்கள் ஒன்றோடொன்று குழாய்களால் இணைந்து வலைபோல் பின்னியிருந்தன. மூளைக்குள் மட்டும் அது நுழையவில்லை. மூளையைச் சுற்றிலும் இருந்தது, உள்ளே இல்லை.

இதைக் கேட்டதும் அடுத்த அவசரக் கதை கிளம்பியது: பூஞ்சை தசைகளை நேரடியாக இயக்குகிறது, மூளை உள்ளே சிறைப்பட்டிருக்கிறது என்று. இதற்கும் சான்று போதாது. 2019இல் தாடைத் தசைகளை மட்டும் ஆராய்ந்தபோது, அவை அளவுக்கு மீறிச் சுருங்கிச் சிதைந்திருப்பதும், தசைநாரின் உறை அரிக்கப்பட்டிருப்பதும், ஆனால் நரம்பு தசையைத் தொடும் இடம் கெடாமல் இருப்பதும் தெரிந்தது. கடித்த தாடை ஏன் திறப்பதில்லை என்பதற்கு இது நல்ல விளக்கம். மர உச்சியிலிருந்து இறங்கி, இடம் பார்த்து, நரம்பைத் தேடியது எப்படி என்பதற்கு இது விளக்கமே அல்ல. அதற்கு வேதிப்பொருள்களைத்தான் தேட வேண்டும். கரிசா டி பெக்கர் 2014இல் வெவ்வேறு எறும்பினங்களின் மூளைகளை உயிரோடு வைத்துப் பூஞ்சையை அருகே வளர்த்தார். மூளைக்கு மூளை பூஞ்சை சுரந்த பொருள்களின் கலவை மாறியது. அந்தப் பூஞ்சை வேறினத்து எறும்புகளையும் கொன்றது. ஆனால் தன் இயல்பான ஓம்புயிரை மட்டுமே கடிக்க வைத்தது. கொல்லுவது வேறு திறமை, நடத்தையை மாற்றுவது வேறு திறமை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் படித்ததில்லை. எந்த மூலக்கூறு எந்த நரம்பில் வேலை செய்து எறும்பை இறக்குகிறது என்ற கேள்வி மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது.

அதனால்தான் நான் ஈயிடம் திரும்பிப் போகிறேன். புகழ் எறும்புக்கு, சான்று ஈக்கு.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆய்வு மாணவியாக இருந்த கரோலின் எல்யா, ஒரு வீட்டுப் பின்கட்டில் அழுகும் பழங்களை வைத்துக் காட்டுப் பழ ஈக்களைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, இறக்கை தூக்கி வயிறு வெளுத்த சடலங்களைக் கண்டார். அது எண்டமோஃப்தோரா. பழ ஈ, அதாவது டிரோசோஃபிலா, நூறாண்டுக்கு மேலாக மரபியலாளர்கள் குடைந்து குடைந்து ஆராய்ந்த பூச்சி. அதன் எந்த நரம்பணுவை வேண்டுமானாலும் தனியே அணைக்கலாம், எழுப்பலாம். எறும்பில் அப்படிச் செய்ய வழியில்லை. பூஞ்சையை ஆய்வகத்து ஈக்களில் தொடர்ந்து வளர்க்கும் முறையை அவர் 2018இல் வெளியிட்டார். இந்தப் பூஞ்சை எறும்பின் பூஞ்சையைப் போல வெளியே நிற்பதில்லை. தொற்றிய இரண்டு நாளிலேயே நரம்பு மண்டலத்துக்குள் போய்விடுகிறது.

பிறகு ஹார்வர்டில் எல்யாவும் சகாக்களும், 2023இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கணக்கான ஈக்களின் நடமாட்டத்தைக் கேமரா வழியே தொடர்ந்து பதிவு செய்தார்கள். சாவுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முன்பு ஈ திடீரென்று வேகமெடுத்து நடக்கத் தொடங்குகிறது. உயரத்துக்கு ஏறுவது என்று நாம் பெயரிட்டதன் உள்ளே இருப்பது இந்த ஓட்டந்தான். ஒவ்வொரு நரம்பணுக் கூட்டமாக அணைத்துப் பார்த்ததில், உடல் கடிகாரத்தோடு தொடர்புடைய ஒரு சிறு கூட்டம், அங்கிருந்து கீழே ஒரு சுரப்பிக்குப் போகும் வழி, அந்தச் சுரப்பி விடும் இளமை ஹார்மோன் ஆகிய மூன்றும் தேவை என்று தெரிந்தது. இவற்றில் ஒன்றைத் துண்டித்தால் ஓட்டம் குறைகிறது. பூஞ்சை செல்களும் மூளையில் அந்தப் பகுதியை ஒட்டியே குவிந்திருந்தன. எல்லாவற்றிலும் அழகான சோதனை கடைசியில் வந்தது: ஓடிக்கொண்டிருந்த நோயுற்ற ஈயின் உடல் திரவத்தை எடுத்து நோயற்ற ஈக்குள் செலுத்தினார்கள். நோயற்ற ஈயும் அதிகமாக நடக்கத் தொடங்கியது. அப்படியானால் அந்தத் திரவத்தில் கரைந்த ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அந்தப் பொருள் பூஞ்சை சுரந்ததா, பூஞ்சையின் தூண்டுதலால் ஈயே சுரந்ததா என்பதைப் பிரித்தறிவது அடுத்த வேலை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, பூஞ்சை புதிய நடத்தை எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது. ஈயிடம் ஏற்கெனவே இருந்த மாலைநேரச் சுறுசுறுப்பின் நரம்புச் சுற்றை அது பயன்படுத்திக்கொள்கிறது. எங்கிருந்தோ வந்த அந்நியன் வண்டியோட்டக் கற்றுக்கொண்டான் என்பதல்ல கதை.

செத்த பின்னும் ஈ சும்மா இருப்பதில்லை. நோயால் இறந்த பெண் ஈக்களின் உப்பிய உடலை ஆண் ஈக்கள் நாடுவதை டென்மார்க்கின் மோலர் 1993இல் கவனித்தார். 2022இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் அதன் காரணத்தை மணத்தில் கண்டார்கள்: பூஞ்சை சடலத்திலிருந்து ஆண்களை ஈர்க்கும் ஆவிப்பொருள்களை வெளியிடுகிறது. அப்போதுதான் இறந்த சடலத்தைவிட, இறந்து ஒரு நாள் கடந்து ஸ்போர்கள் நிறைந்த சடலமே ஆண்களை அதிகம் கவர்ந்தது. இங்கே ஏமாற்றப்படுவது நோயுற்ற ஈ அல்ல, நல்ல உடல்நலத்தோடு இருக்கும் இன்னோர் ஈ. நடத்தை மாற்றம் என்ற தலைப்பில் இதையும் சேர்க்கலாமா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்கச் சில்வண்டுகள் விஷயத்தில் கதை பரபரப்பாகி, சான்று பின்தங்கிவிட்டது. அங்கே 13 அல்லது 17 ஆண்டுகள் மண்ணுக்கடியில் இருந்து ஒரே வசந்தத்தில் கோடிக்கணக்கில் வெளிவரும் மேஜிசிக்காடா இனங்கள் உண்டு. அவற்றைத் தொற்றும் மாசோஸ்போரா சிக்காடினா பூஞ்சையை 1879இல் சார்லஸ் பெக் விவரித்தார். இது வயிற்றின் பின்பகுதியைத் தின்று, அந்த இடத்தில் வெள்ளைக் கட்டியாக நிற்கும். பின்பகுதி உதிர்ந்து விழுந்துவிடும். பிறப்புறுப்பும் அதோடு போய்விடும். சில்வண்டோ பறந்துகொண்டே இருக்கும், இணைசேர முயன்றுகொண்டே இருக்கும், போகும் வழியெல்லாம் ஸ்போர்களை உதிர்க்கும். ஈயையும் எறும்பையும் கொன்ற பிறகே பூஞ்சை பரவுகிறது. இதுவோ உயிரோடு நடமாட விட்டுப் பரவுகிறது.

2018இல் ஜான் கூலியும் சகாக்களும் மிக நுட்பமான ஒன்றைக் காட்டினார்கள். சில்வண்டில் பாடுவது ஆண். விருப்பமுள்ள பெண், பாட்டு முடிந்த சரியான கணத்தில் இறக்கையை ஒருமுறை சொடுக்கிப் பதில் சொல்லும். தொற்றிய ஆண்கள் அந்தப் பெண் சைகையைச் செய்தன. அதை நம்பி வந்த ஆண்கள் நோயை வாங்கிப்போயின. நோயின் முதல் கட்டத்தில், உடனே தொற்றக்கூடிய ஸ்போர்கள் இருக்கும்போது மட்டுமே இது நடந்தது. மண்ணில் உறங்கி அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கும் ஸ்போர்கள் உருவாகும் இரண்டாம் கட்டத்தில் நடக்கவில்லை. நோயின் பக்கவிளைவு என்று ஒதுக்க முடியாதபடி செய்வது இந்த வேறுபாடுதான்.

அடுத்த ஆண்டு மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் மாட் காசன் குழு வெளியிட்ட வேதியியல் ஆய்வு தலைப்புச் செய்தியானது. மேஜிசிக்காடாவைத் தொற்றும் பூஞ்சைக் கட்டியில் காத்தினோன் இருந்தது. ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் மக்கள் மெல்லும் காத் இலையில் உள்ள ஊக்கப்பொருள் அது. வேறு சில்வண்டுகளைத் தொற்றும் இரண்டு மாசோஸ்போரா இனங்களில், போதைக் காளான்களில் காணப்படும் சைலோசைபின் இருந்தது. பொருள் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பொருளால்தான் சில்வண்டு பசி மறந்து, களைப்பு மறந்து திரிகிறது என்பது ஊகம். நோயற்ற சில்வண்டுக்குக் காத்தினோன் கொடுத்து அதே நடத்தை வந்தால் நம்பலாம். பதினேழு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பூச்சியை வைத்து அந்தச் சோதனையைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதையும் நினைக்க வேண்டும். 1803க்குப் பிறகு முதல்முறையாக இரண்டு பெரும் கூட்டங்கள் சேர்ந்தே வெளிவந்த 2024ஆம் ஆண்டு வசந்தத்தில் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களுக்கு விரைந்ததில் வியப்பில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்கன்சாவில் சிப்பாய் வண்டு என்று அழைக்கப்படும் ஒரு வண்டு, எரினியாப்சிஸ் பூஞ்சை தொற்றியபின் பூவைக் கடித்தபடி சாகிறது. பல மணி நேரம் கழித்து, விடியலுக்கு முன் அந்தச் சடலத்தின் இறக்கைகள் தாமாக விரிகின்றன. உயிரற்ற உடல் அசைவதை நடத்தை என்று சொல்வதா, வெறும் பௌதிக விசை என்பதா? பூவுக்கு வந்துபோகும் மற்ற வண்டுகளை அது ஈர்க்கலாம் என்கிறார்கள். டென்மார்க்கில் சில ஈ இனங்களின் வயிற்றில் ஸ்ட்ராங்வெல்சியா என்னும் பூஞ்சை ஒரு வட்டத் துளை போட்டு, ஈ பறக்கப் பறக்க ஸ்போர்களை வெளியே தள்ளுகிறது. 2025இல் பெயர் பெற்ற கிபெல்லுலா அட்டன்பரோகி என்னும் பூஞ்சையை வட அயர்லாந்தில் ஒரு பழைய வெடிமருந்துக் கிடங்கில் கண்டார்கள். அது குகைச் சிலந்திகளைத் தம் வலையை விட்டு வெளியே வந்து சாக வைக்கிறது. சிலந்தி பூச்சியல்ல என்றாலும் தந்திரம் அதே தந்திரம்.

இமயமலையின் கீடா ஜடி இந்தக் குடும்பத்தில் பணத்தால் புகழ்பெற்றது. உத்தராகண்டின் தார்ச்சுலா, முன்சியாரி பக்கத்துக் கிராமத்தார் பனி உருகியதும் குடும்பத்தோடு புல்வெளிகளுக்கு ஏறி, மண்ணில் முட்டிபோட்டு இதைத் தேடுகிறார்கள். அந்துப்பூச்சியின் புழு மண்ணுக்குள் செத்து, அதன் தலையிலிருந்து காம்பு புல்லுக்கு மேலே நீட்டியிருக்கும். புழு சாகும்போது மேற்பரப்புக்கு அருகில், தலை மேலாக இருப்பதால்தான் காம்பால் வெளியே வர முடிகிறது. அந்த நிலைக்குப் புழுவைக் கொண்டுவருவது பூஞ்சைதான் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஈயில் செய்தது போன்ற சோதனை இங்கே இல்லை. விலை பற்றிய ஆய்வுகளோடு ஒப்பிட்டால் நடத்தை பற்றிய ஆய்வு வெட்கப்படும் அளவுக்குக் குறைவு. 2020இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் அபாயத்துக்குட்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

மனிதருக்கு இது வருமா என்று கேட்காத வாசகர் இல்லை. 2013இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வீடியோ விளையாட்டும், 2023இல் அதிலிருந்து எடுத்த தொடரும் போட்ட பயம் அது. ஓர் எறும்பினத்தின் மூளைக்கேற்பச் செதுக்கப்பட்ட பூஞ்சை அடுத்த எறும்பினத்தையே ஆட்டிவைக்க முடியாமல் தோற்பதை மேலே பார்த்தோம். 37 டிகிரி உடல்வெப்பமும் முற்றிலும் வேறான நரம்பு மண்டலமும் கொண்ட மனிதர் எங்கே! உண்மையில் இந்தக் கூட்டம் நமக்குச் செய்திருப்பது உபகாரம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் மருந்து, வண்டுப் புழுவில் வளரும் ஒரு பூஞ்சையின் சரக்கு.

வயலுக்கு வந்தால் படம் வேறாக இருக்கிறது. பூச்சியைக் கொல்லும் பூஞ்சையை மனிதர் பயன்படுத்தும் எண்ணம் பழையது. 1835இல் இத்தாலியின் அகோஸ்தீனோ பாஸி பட்டுப்புழுவின் வெள்ளை நோய்க்குப் பூஞ்சைதான் காரணம் என்று காட்டினார். 1879இல் மெட்ச்னிகோஃப் ஒடெஸா பக்கம் கோதுமை வண்டுகளில் மெட்டாரைசியத்தைக் கண்டார். இன்று தமிழ்நாட்டில் தென்னை வைத்திருப்பவர்கள் காண்டாமிருக வண்டின் புழுக்களைக் கொல்ல எருக்குழியில் மெட்டாரைசியத்தைக் கலக்கிறார்கள். காபித் தோட்டங்களில் காய்த்துளைப்பானுக்கு பவேரியா பூஞ்சையைத் தெளிக்கிறார்கள். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டித் தென்னந்தோப்புகளைக் கறுப்பாக்கிய சுருள் வெள்ளை ஈக்கும் ஐசாரியா என்னும் பூஞ்சை பரிந்துரைக்கப்படுகிறது. இவை எதுவும் நடத்தையை மாற்றும் திறமைசாலிகள் அல்ல. பல பூச்சிகளைத் தொற்றும், அரிசியிலும் சோளத்திலும் கிலோக்கணக்கில் வளரும், பொட்டலத்தில் தங்கும். ஒருசில ஓம்புயிர்களையே நம்பி வாழும் எண்டமோஃப்தோரா வகைகள் ஆய்வகத் தட்டில் வளர்வதே பாடு. அவற்றின் ஸ்போர்கள் உதிர்ந்து சில மணி நேரத்தில் உயிரிழக்கும். சந்தைக்கு வரும் பூஞ்சையையும் கட்டுரையில் வரும் பூஞ்சையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆனாலும் நடத்தை அறிவு வயலுக்கு வேண்டாததல்ல. 2020இல் சோமாலியாவில் பாலைவன வெட்டுக்கிளிகள் மீது மெட்டாரைசியம் அக்ரிடம் பெரிய அளவில் தெளிக்கப்பட்டது. வெயிலில் காயும் வெட்டுக்கிளி பூஞ்சையைத் தாமதப்படுத்தும் என்று தெரிந்தவர், மருந்து ஏன் உடனே கொல்லவில்லை என்று மூன்றாம் நாளே கைவிடமாட்டார்.

இவ்வளவையும் வைத்து என் தீர்ப்பு: ஈயில் பூஞ்சையின் கை நிரூபிக்கப்பட்டுவிட்டது, எறும்பில் நோக்கம் நிரூபணம், கருவி பாதி, சில்வண்டில் சைகை நிரூபணம், போதைப்பொருளின் பங்கு நிலுவை, கீடா ஜடியில் வழக்கே இன்னும் பதிவாகவில்லை.

இந்தியாவில் கட்டெறும்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆண்டில் பாதி நாள் நனைந்து கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளும் இருக்கின்றன. தென் கரோலினாவின் எறும்புப் பூஞ்சை, தன் வீட்டை ஒட்டிய மரங்களில் கண்டதைப் படமெடுத்து இணையத்தில் போட்ட ஒரு பெண்ணால்தான் ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது. அந்த இனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வால்பாறையிலோ கொல்லிமலையிலோ இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலோ மழைக்காலத்தில் நடப்பவர்கள் இடுப்புக்குக் கீழே உள்ள இலைகளைத் திருப்பிப் பாருங்கள். நரம்பைக் கடித்துத் தொங்கும் எறும்பு கண்ணில் பட்டால் பறிக்க வேண்டாம். தரையிலிருந்து உயரம், இலையின் எந்தப் பக்கம், தேதி, இடம் ஆகியவற்றைக் குறித்து, பக்கவாட்டிலும் மேலிருந்தும் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத்தளத்தில் ஏற்றுங்கள். தென் கரோலினாவின் கதையும் அப்படி ஒரு படத்திலிருந்துதான் தொடங்கியது.